உதட்டுக்குப் பதில்

"சத்தத்தை நிறுத்துங்க சார்."

உஷாராணி இதைச் சொன்னபோது உள்ளறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு எரிகையில் நிறுத்தச் சொல்லி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உளவியல் இளங்கலை படிக்கிற பிள்ளைகளை மூளை லேபில் சேர்த்துக்கொண்ட முதல் நாளே பேராசிரியர் பாலசுந்தரம் போட்ட விதி அது. வேறு எந்தத் தப்பையும் மன்னிப்பார். அதைக் கேட்டால் அப்புறம் லேப் பக்கமே வர வேண்டியதில்லை. நிறுத்தும் உரிமை உள்ளே மூளை அலையை அளக்கும் தொப்பி மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். அவர் கையில் ஒரு மணிப் பொத்தான் கொடுத்திருக்கும். முடியவில்லை என்றால் அழுத்தலாம்.

இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவளுடைய அம்மா வசந்தாமணி.

பாலசுந்தரம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "காலையில லீவு சொன்னவ, மத்தியானம் வந்து கலெக்டர் மாதிரி ஆர்டர் போடற. உக்காரும்மா. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. மணி அடிக்கல பாரு."

"அடிக்க மாட்டாங்க சார். அடுத்தவங்க மிசினை நிறுத்த எங்காளுங்களுக்குக் கை போகாது. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைதானே போட்டிருந்துச்சு?"

"வேன் குமாரபாளையம் பக்கம் போச்சு, ஏத்திட்டு வந்துட்டாங்க. அவங்களே சந்தோசமாத்தான் வந்தாங்க. மக படிக்கற எடத்தைப் பாக்கணும்னாங்க."

அம்மா அப்படித்தான் வந்திருப்பாள். நோம்பிக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் சீயக்காய் போட்டு அலசிக்கொண்டு, வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருப்பாள்.

வெளியறையில் ஏசி ஓடியது. நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் ஹாரனும், சித்திரை வெயிலும், ஜவ்வரிசி ஆலைப் பக்கமிருந்து காற்றோடு வரும் புளித்த நாற்றமும் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட, உள்ளே ஜெல்லின் உப்பு வாடையும் சூடான வயர்களின் வாடையும் மட்டும் தங்கியிருந்தன. உள்ளறைச் சத்தம் வெளியே வராது. ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு, நாலு சுவரிலும் கறுப்பு ஸ்பாஞ்சு. ஆனாலும் மேசையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை மாதம் இங்கே வேலை பார்த்தும் இதை அவள் கவனித்ததில்லை. சத்தம் காதைத் தாண்டிவிட்டுத் தரை வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற உள்ளங்காலில் ஏறி, முழங்கால் எலும்பில் உட்கார்ந்து தட்டியது. டடக். டடக். டடக்.

அவளுடைய வீட்டுச் சத்தம். அப்பா கூலிக்கு ஓட்டும் விசைத்தறிப் பட்டறையில் அவளே போய் மைக் பிடித்துப் பதிவுசெய்து கொண்டுவந்தது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் மூளை அந்தச் சத்தத்தை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. "உங்க ஊர் மூளை ஒரு தங்கச் சுரங்கம்மா" என்று பாலசுந்தரம் சொன்ன நாளில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். ஆய்வுக் கட்டுரையில் உன் பேரும் வரும் என்றார். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், வாங்க அண்ணா, வாங்க அக்கா, தலையில தொப்பி போட்டு உக்காந்தா போதும், படுத்து எந்திரிக்கற மாதிரிதான் என்று கூட்டிவந்தவள் அவள்தான்.

"நான் ஈரோடு ஆஸ்பத்திரியில இருந்து வாரேன் சார்" என்றாள். "சின்னாயி அக்காவைப் பாத்துட்டு."

பாலசுந்தரம் இப்போதுதான் திரும்பினார்.

சின்னாயி பக்கத்து வீடு. அவள் புருசன் மாரியப்பன் போன வாரம் இதே உள்ளறையில் உட்கார்ந்து எழுந்து போனவர். ஒரு நாயைக்கூட அதட்டத் தெரியாத ஆள். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் வழக்கம்போலத் தறி ஓட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம், இழை பிணைக்க வந்த சின்னாயியின் வலது கையைப் பிடித்து, ஓடுகிற தறியின் பல்சக்கரத்துக்குள் கொடுத்தார். அவள் திமிறினாள். முழங்கையால் அவள் கழுத்தை அமுக்கிக்கொண்டு, அந்தக் கை மணிக்கட்டு வரை போகும்வரை பிடித்திருந்தார். பிறகு விட்டுவிட்டு, அடுத்த தறியில் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்திருந்ததால் மாற்றப் போய்விட்டார். போலீஸ் வந்தபோதும் தார் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

எலும்பு வார்டில் சின்னாயி அழவில்லை. மருந்து மயக்கத்தில் கண் பாதி சொருகியிருந்தது. "அவருக்குக் கோவமே இல்ல சாமி. மொகத்துல ஒண்ணுமே இல்ல. எனக்குப் பொறத்தால ஆரையோ பாத்தாரு. பாத்துட்டு வாயசைச்சாரு. 'ஆரைங்க'ன்னாரு. பொறவு, 'இவளைங்களா'ன்னாரு. பொறவு 'சரிங்க'ன்னாரு. ஆருடா நிக்கறதுன்னு திரும்பிப் பாத்தேன். செவுருதான் இருந்துச்சு. அதுக்குள்ள கையைப் புடிச்சுட்டாரு."

அத்தனை சத்தத்தில் அவர் சொன்னது எப்படிக் காதில் விழுந்தது என்று எழுதிக்கொண்ட போலீஸ்காரர் சந்தேகப்பட்டாராம். அவர் வெளியூர். பட்டறையில் யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. எதிரே நின்று உதட்டை அசைத்தால் போதும். பேச்சு வராத குழந்தைகூட அங்கே உதட்டைப் படித்துவிடும். இன்னொன்றும் உண்டு. உதடு அசைந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் வரவில்லை என்றால் அந்த ஆளின் கையோ துணியோ மிசினில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், எல்லோரும் ஓடிவந்துவிடுவார்கள். அதனால் குமாரபாளையத்துக்காரர்களுக்கு யோசிப்பதற்கு முன்னால் உதடு பதில் சொல்லிவிடும். அரைத் தூக்கத்திலும் சொல்லிவிடும்.

"மாரியப்பன் விசயம் எனக்குத் தெரியும்" என்றார் பாலசுந்தரம்.

"எப்பத் தெரியும்?"

"போன வாரமே போலீஸ் போன் பண்ணாங்க. நம்ம ஆய்வுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? தண்ணியப் போட்டிருப்பான். உங்க பக்கத்துல பொண்டாட்டியை அடிக்கறது புதுசா? கைலாசம் கேஸ்லயும் இப்படித்தான் எதையாவது..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

கைலாசம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிழவர். அவர் மருமகள் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றுதான் ஊர் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறது. அவரையும் இங்கே கூட்டிவந்தவள் உஷாராணிதான்.

பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது. உள்ளங்கால் கூசியது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

லேபில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை குப்பை வெட்டுவது. தொப்பி மாட்டியவர் தாடையை அசைத்தால் திரையில் ஓடும் மூளை அலைக்கு நடுவே முள்முள்ளாக ஏதோ வரும். அது மூளை கிடையாது, வெறும் தசை. "அது குப்பை, வெட்டி எறி" என்பார் சார். இரண்டு செமஸ்டராக வெட்டி எறிந்துகொண்டிருக்கிறாள். ஈரோட்டிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில், பவானிப் பாலத்தின் மேலே நின்றுகொண்டு வருகையில்தான் அது அவளுக்கு உறைத்தது. எல்லார் அலையிலும் குப்பை ஒரே மாதிரிதான் விழுந்தது. கொஞ்சம் முள். ஒரு இடைவெளி. மறுபடி கொஞ்சம் முள். நீண்ட இடைவெளி. கடைசியாக ஒரு சின்ன முள், அதோடு முடிந்தது. மாரியப்பனுக்கும் அப்படி, கைலாசத்துக்கும் அப்படி.

ஒருத்தர் கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார். மறுபடி கேட்கிறார். காத்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறார்.

அவள் நடந்து போய்ப் பேராசிரியரின் இரண்டாவது திரையைத் தன் பக்கம் திருப்பினாள். உள்ளறைக் கேமரா முகத்தைக் காட்டும் திரை அது. மாணவர்கள் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் அளவு கெடும் என்று அதையும் முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஏய்" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

சாம்பல் நிறத்தில் அம்மாவின் முகம். தொப்பியின் பட்டி தாடையை இறுக்கியிருந்தது. தலையிலிருந்து கிளம்பிய வயர்கள் பின்னால் ஒரே கற்றையாகச் சேர்ந்து சுவருக்குள் போயின. கண் திறந்திருந்தது. எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கூலி கேட்கப் போகிற நாளில் முதலாளி வீட்டு வாசலில் அம்மா இப்படித்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

உதடு அசைந்தது.

*இருக்கறனுங்க.*

அது பதில். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டதற்குப் பதில்.

*ஆருங்க? தெரியலைங்களே.*

இடைவெளி. அம்மா தலையைச் சாய்த்துக் கூர்ந்து பார்த்தாள். புரிந்துகொண்டது போலத் தலையாட்டினாள்.

*ஆரைங்க?*

நீண்ட இடைவெளி. அம்மாவின் முகத்தில் முதன்முறையாக ஏதோ இடறியது.

*உஷாவைங்களா?*

உஷாராணி திரையை இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

*இல்லீங்க. அவ படிக்கற புள்ளைங்க.*

"என்ன பாக்கற?" பாலசுந்தரத்தின் குரல் காதுக்கு வெகு பக்கத்தில் கேட்டது. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "உனக்குப் புரியுதா? அவங்க பேசறது உனக்குப் புரியுதா உஷா?"

"பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உள்ள மைக் வெச்சும் பாத்துட்டேன், அந்தச் சத்தத்துல ஒரு எழுத்தும் விழல. இத்தனை நாளா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். சொல்லு. என்ன சொல்றாங்க?"

"குப்பைன்னு சொன்னீங்க."

"அர்த்தம் தெரியற வரைக்கும் குப்பைதாம்மா." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். பந்திக்கு உட்கார்ந்தவனின் அவசரம் அந்தக் கையில் இருந்தது. "ஒரு வார்த்தை விடாம சொல்லு."

*மாட்டனுங்க* என்றது திரையில் அம்மாவின் உதடு. *மாட்டனுங்க. மாட்டனுங்க.*

உஷாராணி குனிந்து, மேசைக்கு அடியில் சத்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

பாட்டிலில் தண்ணீர் அசையாமல் நின்றது.

தறி நின்றால் தறிக்காரர் வீட்டில் தூங்குபவரும் எழுந்துவிடுவார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்து அழும். சாப்பிடுகிறவர் பாதிச் சோற்றில் தலையைத் திருப்புவார். சத்தம் நின்ற பக்கம் திரும்பாத தலையை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அம்மா திரும்பவில்லை.

அலையும் மாறவில்லை. திரையில் அது அதே போக்கில் ஓடியது, டடக் டடக் என்று, நின்றுபோன சத்தத்தின் மேலே. உஷாராணியின் முழங்கால் எலும்பிலும் தட்டல் நிற்கவில்லை.

அவள் கதவுக்கு ஓடினாள். அவர் பின்னாலேயே வந்து சடையைப் பிடித்து இழுத்தார். கழுத்து பின்னால் மடங்கியது, மண்டை நிலைச் சட்டத்தில் மோதியது, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ சிதறியது. "நடுவுல திறக்காத. இன்னும் ஒரு நிமிசம். முடிவு வரட்டும்."

"முடிவு என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

வாழ்நாளில் முதல் தடவையாக வாத்தியாரை டா போட்டாள். முழங்கையைப் பின்னால் ஓங்கி அவர் விலாவில் குத்தினாள். பிடி தளர்ந்தது. கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து திரும்புவதற்குள் அவருடைய நாலு விரல்கள் நிலைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். காலை உயர்த்தி, முழு பலத்தையும் கொடுத்து, கதவை உதைத்துச் சாத்தினாள்.

பச்சை மரவள்ளிக் குச்சியைக் கற்றையாக ஒடித்தால் வரும் சத்தம். அப்புறம் ஒரு அலறல். கதவு சரியாகச் சாத்தவில்லை, விரல்கள் நடுவில் இருந்தன. மறுபடி உதைத்தாள். விரல்கள் போய்விட்டன. கதவு மூடிக்கொண்டது.

அலறலும் நின்றது. உள்ளறை எந்தச் சத்தத்தையும் வைத்துக்கொள்ளாது. ஸ்பாஞ்சு தின்றுவிடும். தன் மூச்சே தனக்குக் கேட்காத ஒரு இடம். தலைக்கு மேலே ஒரு மங்கல் விளக்கு. ஜெல் வாடை. அம்மாவின் சீயக்காய் வாடை. அதற்கு நடுவே துருப்பிடித்த இரும்பைப் போல இன்னொரு வாடை.

அம்மா கீழுதட்டைக் கடித்திருந்தாள்.

சாதாரணக் கடி இல்லை. மேல்வரிசைப் பல் முழுவதும் உதட்டுக்குள் இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. முகவாயிலிருந்து ரத்தம் கோடாக ஒழுகி அரக்குப் புடவையில் விழுந்து நிறம் தெரியாமல் போனது. மணிப் பொத்தான் தரையில் கிடந்தது. இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் நகம் மடங்கியிருந்தது. வாயைத் திறந்தால் அந்தச் சொல் வந்துவிடும். உதடு தானாகச் சொல்லிவிடும். சொல்லாமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சரிங்க. ஒரே ஒரு சரிங்க.

உஷாராணி எதிரே போய் நின்றாள், பட்டறையில் நிற்பது போல. உதட்டை அசைத்தாள். *அம்மா. என்னைப் பாரு.*

அம்மா பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. பல்லை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம். திரும்பாதே.

பார்வை மறுபடி உஷாராணியின் தோளைத் தாண்டிப் போனது. மேலே. சற்று அண்ணாந்து.

அவள் திரும்பினாள்.

சுவர். கறுப்பு ஸ்பாஞ்சு. கூரான மேடும் பள்ளமுமாக, தரையிலிருந்து கூரை வரை. பள்ளங்களில் நிழல்.

நிழல் அசைந்தது.

விளக்கு ஆடவில்லை. காற்று இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நெருங்கி, ஒட்டி, பிரிந்தன. ஈரமாகப் பிரிந்தன. சுவர் முழுக்க. கூரையிலும். கதவின் உள்பக்கத்திலும். அத்தனை வாயும் ஒன்றாக அசைந்தன. முகம் இல்லை. மூச்சு இல்லை. உள்ளே பல் இருந்தது.

*அவ சொல்ல மாட்டீங்கறா.*

தெளிவாகப் படிக்க முடிந்தது. அதுதான் கொடுமை. எங்கள் ஊர் உதடு என்று நினைத்தாள்.

*நீ கேளு. ஆரைன்னு கேளு.*

அவள் உதடு பிரிந்தது. அவள் பிரிக்கவில்லை. *ஆ* என்பதற்குத் திறக்கிற அளவுக்கு வாய் தானாகத் திறந்தது. அசைந்த உதட்டுக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். முதலாளிக்குச் சரிங்க. ஹாஸ்டல் வார்டனுக்குச் சரிங்க. அப்பாவின் கூலியைப் பிடித்தவனுக்குச் சரிங்க. குப்பையை வெட்டச் சொன்னவருக்குச் சரிங்க சார், சரிங்க சார். மாரியப்பனும் கைலாசமும் அந்த வாயோடுதான் இங்கே உட்கார்ந்தார்கள். கேட்டார்கள். சொன்னது. செய்தார்கள்.

*கேளு.*

முழங்கால் எலும்பில் இருந்த தட்டல் வயிற்றுக்கு ஏறியது. மார்புக்கு. தொண்டைக்கு. டடக். டடக். அங்கே போய் அது அவளுடைய கோபத்தைத் தொட்டது. இருபது வருசக் கோபம். தொட்ட இடத்தில் தட்டல் ஒரு நொடி தடுமாறியது.

அவள் வாயை மூடினாள்.

யோசித்தாள். இந்த அறையில் தொப்பி யார் தலையில் இருக்கிறது. எந்தக் கை செய்யும். யாருடைய கையாக இருக்கும். எல்லாம் யோசித்தாள். தெரியாமல் செய்தாள் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அம்மாவின் ரத்தம் தரையில் சொட்டியது. சத்தம் இல்லாமல்.

*நான் கேக்க மாட்டேன்* என்றாள் உதட்டால். *நான் சொல்றேன். நீ கேளு.*

அத்தனை வாயும் அசையாமல் நின்றன.

பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக. உதட்டைக் குவித்து, விரித்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. பா. ல. சுந். த. ரம்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு மூலையில் ஒரு வாய் அசைந்தது. பிறகு பக்கத்தில். பிறகு சுவர் முழுக்க.

*சரிங்க.*

முதுகுக்குப் பின்னால் ஈரத் துணி உரிவது போல ஏதோ பிரிந்தது. அவள் திரும்பினாள். அம்மா பல்லை உதட்டிலிருந்து எடுத்திருந்தாள். கீழுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அம்மாவின் முகத்தில் உஷாராணி பல வருசமாகப் பார்க்காத ஒரு நிம்மதி.

*அவ்வளவுதானுங்களா* என்றது கிழிந்த உதடு. *எம்புள்ள இல்லையே.*

கதவு திறந்தது. பாலசுந்தரம் நின்றிருந்தார். வலது கையை மார்போடு அணைத்திருந்தார், சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. முகம் வெளுத்து, கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் அவளைத் திட்டவில்லை.

"என்ன சொல்லுச்சு?" என்றார். "உஷா. அங்க ஒண்ணு இருக்குதில்ல? என்ன சொல்லுச்சு?"

அவள் உதட்டால் பதில் சொன்னாள்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. புருவத்தைச் சுருக்கினார். ஓரடி உள்ளே வந்தார். இன்னும் ஓரடி. அவள் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து குனிந்து பார்த்தார், பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல.

அவள் விலகி வழி விட்டாள்.

அம்மா எழுந்தாள். தலையிலிருந்த வயர்கள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. அறுந்த இழையைக் கண் இமைப்பதற்குள் பிணைத்துவிடும் விரல்கள். முப்பது வருசம் அதையே செய்த விரல்கள். வயர்க் கற்றையை அவர் கழுத்தில் போட்டன. ஒரு முடிச்சு. அவர் திரும்ப முயன்றார். இன்னொரு முடிச்சு. இடது கை வயருக்கு அடியில் போகப் பார்த்தது. அம்மா அந்தக் கையை எடுத்து, விரலைப் பின்னுக்கு மடக்கி, வயரோடு சேர்த்துப் பிணைத்தாள். முழங்காலை அவர் முதுகில் ஊன்றினாள். இழுத்தாள். கோபம் இல்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. இப்போது அவரும் உதட்டால்தான் பேசினார்.

உஷாராணி படித்தாள். பதில் சொல்லவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ரப்பர் விளிம்பு நிலையோடு ஒட்டிக்கொண்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நின்றன, பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள், யாரோ யாரையோ கேலி செய்து சிரித்தார்கள்.

அவள் திருப்பி வைத்த திரை அப்படியே இருந்தது. சாம்பல் நிறத்தில் தரை தெரிந்தது. தரையில் ஒரு ஷூ. அது உதறியது. உதறியது. நின்றது.

கொஞ்ச நேரம் வெறும் தரை.

பிறகு கேமராவுக்கு முன்னால் அம்மாவின் முகம் எழுந்து வந்தது. மிக அருகில். திரை முழுக்க முகம். தொப்பி சரிந்திருந்தது. கண் லேசாக அண்ணாந்து, மகள் எங்கே நிற்கிறாளோ அங்கேயே சரியாகப் பார்த்தது. கூலி கேட்கப் போகிற நாளின் முகம். இரண்டாகக் கிழிந்த உதடு மெதுவாக, மரியாதையாக அசைந்தது.

*அடுத்து ஆரைங்க?*

உஷாராணி செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளிக் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. ஒரு பெயருக்காக அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. படிக்கட்டில் இறங்கி, பேருந்துகளைத் தாண்டி, நெடுஞ்சாலையைப் பார்த்து நடந்தாள். போகும்போதே உதடு ஒவ்வொரு பெயராகச் சொல்லி அசைந்துகொண்டிருந்தது.